தொமியே அத்தையின் தவளைச் சட்டை

எங்கள் கோயென்ஜித் தெருவில் ஆளை முகம் பார்த்து எடைபோடும் வழக்கம் கிடையாது. சட்டையின் உள்பக்கத் தையலைப் பார்ப்போம். காலர் ஓரத்தில் ஓடுவது என்ன நூல், பொத்தான் எந்த வருடத்துப் பொத்தான் என்று பார்த்துவிட்டுத்தான் வணக்கமே சொல்வோம். ரயில் பாலத்துக்குத் தெற்கே பழைய துணிக்கடைகள் மட்டும் அறுபது, எழுபது இருந்த காலம் அது, தொண்ணூற்றேழாம் வருடம். அதில் பழைய ராணுவ உடைகளுக்கென்றே நடந்த கடை என்னுடையது. என் பெயர் தெராகாதோ. வாசலில் பழைய கூடாரத் துணியைப் பந்தலாகக் கட்டியிருந்ததால் பச்சைக்கடை என்பார்கள். உருமறைப்பு உடைகளைப் பற்றி டோக்கியோவில் என்னைவிட அதிகம் தெரிந்தவர்கள் இரண்டே பேர்தான் என்று சொல்லிக்கொண்டு திரிவேன். அந்த இருவர் யார் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன்.

அப்பேர்ப்பட்ட என் கடையில் இல்லாத ஒரு சட்டை, நான்கு வீடு தள்ளி, பொதுக்குளியல் வீட்டின் பின்வாசலில் தினமும் விறகு அறுத்துக்கொண்டிருந்தது. அதைப் போட்டிருந்தவர் இசோகாய் தொமியே. அப்போது அவருக்கு ஐம்பத்தாறு வயது. குளியல் வீட்டு உலைக்கு அவர்தான் பொறுப்பு. காலையில் சின்ன லாரியை எடுத்துக்கொண்டு வீடு இடிக்கிற இடங்களுக்குப் போய், உத்தரமும் சட்டமும் ஏற்றி வருவார். அவற்றை அறுத்து, மதியம் உலை மூட்டினால், நான்கு மணிக்குத் தெருவே வந்து வெந்நீரில் இறங்கும். தண்ணீர் சூடு சரி என்று அவர் சொன்னால் சரி. முப்பது வருடக் குளியல்காரர்கள்கூடக் கால் நுனியை நனைத்துப் பார்க்காமல் இறங்குவார்கள். தெருவுக்கே அத்தையான அவர் சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு.

சட்டையைப் பற்றிச் சொல்கிறேன். பச்சை நிலத்தில் கரும்பச்சையும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாகப் புள்ளிகள், தவளையின் முதுகைப் போல. உலகம் முழுவதும் எங்கள் தொழிலில் அதற்குப் பெயரே தவளைத்தோல்தான். உள்ளே புரட்டினால் மணல் நிறமும் பழுப்பும். பச்சைப் பக்கம் காட்டுக்கு, பழுப்புப் பக்கம் கடற்கரைக்கு. நாற்பத்திரண்டாம் வருடம் அமெரிக்கச் சிப்பாய்களுக்காக அச்சடித்த துணி, மீன்முள் போல நெய்த கெட்டித் துணி. அதில் ஒரு நல்ல சட்டை கிடைத்தால் சேகரிப்பவர்கள் கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டிவிடுவார்கள். கையுறை போட்டுக்கொண்டுதான் தொடுவார்கள். அத்தை அதைப் போட்டுக்கொண்டு ஆணி பிடுங்கினார்.

அது அவரிடம் வந்த கதை தெருவுக்கே தெரியும். எழுபத்தொன்றாம் வருடம் வசந்தத்தில் அவர் கணவர் இறந்துபோனார். அவர்தான் அதுவரை உலைக்காரர். முதலாளி வேறு ஆண் பிள்ளை தேடினார். முப்பது வயது தொமியே, இந்த வேலையை நான் செய்வேன் என்றார். முதலாளி சிரித்தார். இடுப்பில் பூப்போட்ட ஏப்ரனைக் கட்டிக்கொண்டா என்று கேட்டார். அன்றே அவர் உயெனோவுக்கு ரயிலேறிப் போய், தண்டவாளத்தின் கீழே இருக்கிற சந்தையில் வேலைச் சட்டை தேடினார். பெண் அளவில் எதுவும் கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு கடைக்காரர் மூட்டையின் அடியிலிருந்து இதை உருவி, யாரும் சீண்டாத சரக்கு, கரி பட்டாலும் தெரியாது என்று கையில் கொடுத்தாராம். மறுநாள் விடிகாலை அதைப் போட்டு, நீண்டு தொங்கிய கைகளை இரண்டு மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டு, உலையை மூட்டிவிட்டு நின்றார். முதலாளி வந்து தண்ணீரில் கை வைத்துப் பார்த்தார். அதற்குப் பிறகு வேறு ஆள் தேடவில்லை.

எதிரி சிப்பாயின் சட்டையை நம் ஊர்ப் பெண் போடுவதா என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. தென்தீவுப் போரிலிருந்து திரும்பி வந்த முதியவர் ஒருவர் தினமும் குளிக்க வருவார். ஒருநாள் பின்பக்கம் வந்து அந்தச் சட்டையை வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாராம். அத்தைக்குச் சங்கடமாகி, உங்களுக்கு வருத்தமென்றால் கழற்றிப் போட்டுவிடுகிறேன் என்றிருக்கிறார். முதியவர் யோசித்துவிட்டுச் சொன்னது இதுதான்: "போட்டுக்கம்மா. எங்கள சுட வந்த சட்டை, இப்ப எங்களுக்கு வெந்நீர் போடுது. இதவிட நல்ல தண்டன எங்க கெடைக்கும்?" அதற்கப்புறம் முணுமுணுப்பு நின்றது.

நான் கடை போட்ட தொண்ணூறாம் வருடத்தில்தான் இந்தத் தவளைச் சட்டை ஃபேஷனாக மாறியது. வாலிபப் பிள்ளைகள் துணி வாங்க வந்து, போகிற வழியில் பின்வாசலில் எட்டிப் பார்ப்பார்கள். கழுத்தில் வெள்ளைத் துண்டு, கையில் இரண்டு மடிப்பு, மடிப்பில் உள்பக்கத்துப் பழுப்பு ஒரு பட்டையாக வெளியே தெரியும். அவர் கை நீளம் போதாமல் மடித்தது; பிள்ளைகளுக்கு அது அழகு. இரண்டு வருடத்தில் தெருவில் பாதிப் பேர் கையை அப்படித்தான் மடித்தார்கள். அதற்குத் தொமியே மடிப்பு என்று பெயர் வைத்தவன் நான். அத்தைக்கு உள்ளூரப் பெருமைதான். வெளியே மட்டும், "கை நீளமா இருந்தா வெட்டித் தைங்கடா, எதுக்கு என்ன மாதிரி கஷ்டப்படறீங்க" என்று விரட்டுவார். திங்கட்கிழமை குளியல் வீட்டுக்கு விடுமுறை. அன்று சட்டையைப் புரட்டிப் பழுப்புப் பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போவார். கடற்கரைக்குப் போகாதவருக்கு அதுதான் கடற்கரை.

ஒரே ஒரு விஷயத்தில் எனக்கு அவர்மேல் தீராத வயிற்றெரிச்சல். சட்டை முழங்கால்வரை தொங்கி, உலைக்கு முன்னால் குந்தும்போது இடறுகிறது என்று, எழுபத்துநான்கில் அடிப்பக்கத்தை நான்கு விரல் அகலத்துக்கு வெட்டி மடித்துத் தைத்துவிட்டார். அருமையான தவளைத்தோல்! கத்திரியை எடுக்க மனம் எப்படி வந்தது என்று நான் ஒருமுறை அழாக்குறையாகக் கேட்டேன். வெட்டிய துணியாவது இருக்கிறதா என்றேன். "ஏன், அது எங்கயோ வேல செய்யுது" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டையை எடுத்தார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அந்தத் தொண்ணூற்றேழு நவம்பரில் எங்கள் கடைக்காரர் சங்கம், காலியாகக் கிடந்த அரிசிக் கடையில் பத்து நாள் கண்காட்சி ஒன்று நடத்தியது. ஆளுக்கொரு அரிய உடை. நான் என் கடைச் சரக்கு எதையும் வைக்கவில்லை. அத்தையிடம் போய், நடுவில் இருக்கிற பெரிய கண்ணாடிப் பெட்டி உங்கள் சட்டைக்குத்தான் என்றேன். பத்து நாள் சட்டை இல்லாமல் வேலை செய்ய முடியாது என்று முதலில் மறுத்தார். பிறகு ஒப்புக்கொண்டார். முகம் சிவந்திருந்தது. தோய்க்கவெல்லாம் வேண்டாம், அப்படியே கொண்டுவாருங்கள் என்று நான் சொன்னேன்.

எங்கள் ஊரில் அப்படியே வாருங்கள் என்றால் யாரும் அப்படியே வருவதில்லை. ஒன்றும் கொண்டுவர வேண்டாம் என்றால் பெரிய பெட்டியோடு வருவார்கள். அது உபசாரம், கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். பழந்துணிக்காரன் மட்டும்தான் அதைச் சொன்னால் சொன்னபடியே அர்த்தம் கொள்வான். இந்த வித்தியாசம் அன்று என் புத்திக்கு எட்டவில்லை.

திறப்பு நாளில் சட்டை பெட்டிக்குள் இருந்தது. எதிர்பார்த்ததைவிடப் பளிச்சென்று இருக்கிறதே என்று மட்டும் நினைத்தேன். பக்கத்தில் என் கையாலேயே அட்டை எழுதி வைத்தேன்: தவளைத்தோல், 1942, அசல், இசோகாய் தொமியே. அத்தை கழுத்துத் துண்டைக் கழற்றிவிட்டு, தலைசீவி, பெட்டியருகே நின்றுகொண்டிருந்தார். வருபவர்கள் எல்லாம் அவருக்குக் குனிந்து வணக்கம் சொன்னார்கள். ஏழு வருடத்தில் அந்தச் சட்டை இல்லாமல் நான் அவரைப் பார்த்தது அன்றுதான்.

பதினொரு மணிக்கு ஹச்சியா வந்தார். உயெனோவில் பெரிய கடை. நான் பெயர் சொல்லாமல் மழுப்புகிற அந்த இரண்டு பேரில் ஒருவர். வந்தவர் பெட்டிக்குள் பார்த்தார், நெற்றியைச் சுருக்கினார். சட்டை நீளம் குறைவு என்றார். சட்டைப்பையின் மேல் இருக்கவேண்டிய முத்திரை எழுத்து இல்லை என்றார். அடித்தையல் நூல் வேறு என்றார். பத்து வருடமாக நம் நாட்டிலேயே பிரமாதமான நகல்கள் வருகின்றன, ஊதா விளக்கு இருக்கிறதா என்று என்னைப் பார்த்தார்.

ஊதா விளக்கு எங்கள் தொழிலில் நீதிபதி மாதிரி. அறையை இருட்டாக்கி அந்த விளக்கைப் பிடித்தால், புதுத் துணியும் புது நூலும் நீலவெள்ளையாக ஒளிரும். பழந்துணி செத்ததுபோல இருண்டு கிடக்கும். நான் நம்பிக்கையோடு ஓடிப்போய் என் விளக்கைக் கொண்டுவந்தேன். கதவைச் சாத்தினார்கள். சுற்றிலும் நாற்பது பேர். நானே விளக்கைப் பிடித்தேன். அத்தையின் சட்டை கல்யாண வீட்டுச் சீரியல் பல்பு மாதிரி ஒளிர்ந்தது.

யாரோ ஒரு பெண் பிள்ளை ஐயோ என்றாள். கதவைத் திறந்தபோது எல்லாருடைய முகமும் என்னைப் பார்த்தது. தெரிந்தவன் நான், அழைத்து வந்தவன் நான். அந்த நிமிடம் நான் செய்த காரியத்தை இன்றைக்கு நினைத்தாலும் காது சுடுகிறது. பேனாவை எடுத்து, அசல் என்ற சொல்லை அடித்துவிட்டு, மறுபதிப்பு என்று எழுதினேன். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு.

அத்தை என்னைத் திட்டவில்லை. பெட்டியைத் திறக்கச் சொன்னார். சட்டையை எடுத்து, அத்தனை பேர் முன்னால் போட்டுக்கொண்டார். கையை இரண்டு மடிப்பு மடித்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "பச்சைக்கடைக்காரரே, இத என் கையால வாங்கினேன்னு இருபத்தாறு வருஷமா சொல்றேன். நீங்க வெளக்க நம்பறீங்க. சரி. வெளக்குக்குச் சொந்தமா வாய் இருக்குதா பாருங்க." அவ்வளவுதான். உலைக்கு நேரமாகிறது என்று போய்விட்டார்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. சட்டை நகலென்றால் உயெனோக் கதையும் நகலா என்று பேச்சு கிளம்பியது. அடுத்த நாள் வெந்நீரில் இறங்கிய கறிக்கடைக்காரர், கால் நுனியை நனைத்துப் பார்த்துவிட்டு, "என்ன, இன்னிக்கித் தண்ணியும் மறுபதிப்பா?" என்று சிரித்தாராம். சுவருக்கு அந்தப் பக்கம் அத்தை கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அதற்குப்பின் நான்கு பேர் காலை நனைத்துப் பார்த்தார்கள். இருபத்தாறு வருடத்தில் யாரும் செய்யாத வேலை. பணம் போனால் சம்பாதிக்கலாம். அந்தப் பெண்மணிக்கு இருந்த ஒரே சொத்து அவர் சொல். அதை நான் ஒரு பேனாக் கோட்டில் அடித்துவிட்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் மதியம், கடையில் ஒரு பழைய தொப்பியைச் சோதிக்க விளக்கைப் போட்டேன். தொப்பி இருண்டு கிடந்தது. ஆனால் என் சட்டையின் நெஞ்சுப் பகுதி பளபளவென்று ஒளிர்ந்தது. தோளில் கிடந்த துண்டும் ஒளிர்ந்தது. என் மனைவி சவாகோவைக் கூப்பிட்டேன். அவள் ஏப்ரனும் ஒளிர்ந்தது. அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "சோப்புப் பவுடர்ல பளிச்சுனு தெரியறதுக்கு மருந்து போடறான்ல, அதுதான் மின்னுது. டி.வி.ல நாள் பூரா சொல்றானே. உங்க நிபுணர் வேலைக்கு இது தெரியாதா?" என்றாள். பழந்துணிக்காரன் தன் சரக்கைச் சோப்புப் பவுடரில் போடவே மாட்டான். அதனால் எங்களில் யாருக்கும் அது நினைவில் வரவில்லை.

ஓடினேன். போகிற வழியில் பாக்கு நிறத்து இனிப்புக்கட்டிப் பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டேன். மன்னிப்புக் கேட்கப் போகும்போது வெறுங்கையோடு போகக்கூடாது. அத்தை உலைக்கு முன்னால் அதே சட்டையோடு குந்தியிருந்தார். பெட்டியை வாங்கிப் பக்கத்துக் கட்டைமேல் வைத்தார், பிரிக்கவில்லை. எதில் துவைத்தீர்கள் என்று கேட்டேன். எப்போதும் குளிப்பவர்கள் விட்டுப்போகிற சோப்புத் துண்டில்தான் அலசுவாராம். ஊர் பார்க்கப்போகிற துணியை அழுக்கோடு வைத்தால் உங்களுக்குத்தானே அவமானம் என்று, கடையிலேயே விலை கூடின பவுடராக வாங்கி, மூன்று முறை துவைத்திருக்கிறார். எனக்கு மரியாதை செய்யப்போய் அவர் மரியாதை போயிருக்கிறது.

துவைத்ததால்தான் ஒளிர்ந்தது என்று ஊருக்குச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அத்தை தலையாட்டவில்லை. அதில் ஒரு சிக்கல் இருந்தது. அவர் என்னைவிட முன்னால் அதைப் பிடித்துவிட்டார். துவைத்தால் அசலும் ஒளிரும், நகலும் ஒளிரும். விளக்கு வாயை மூடிக்கொள்ளும், அவ்வளவுதான். அசல் என்று யார் சொல்வது? அப்போதுதான் அத்தை உலைக் கதவைத் திறக்கக் கைப்பிடியைப் பிடித்தார்.

இரும்புக் கைப்பிடி சுடாமலிருக்க அதன்மேல் துணி சுற்றியிருந்தது. நான்கு விரல் அகலத் துணி. மேலே கரி ஏறி யானைத்தோல் மாதிரி கறுத்திருந்தது. சுற்றின் வால்நுனி மட்டும் ஒரு சாண் கீழே தொங்கியது. தீ வெளிச்சத்தில் அந்த நுனியின் உள்மடிப்பில் பச்சை தெரிந்தது. பச்சையில் ஒரு தவளைப் புள்ளி. ஏழு வருடமாக நான் அந்த உலைக்கு முன்னால் நின்று அரட்டை அடித்திருக்கிறேன்.

அதை அவிழ்த்துத் தரும்படி கெஞ்சினேன். ஒளிர்கிறதா என்று இன்றே பார்த்துவிடலாம், கண்காட்சியில் சட்டையோடு சேர்த்து வைத்துவிடலாம் என்றேன். அத்தை மறுத்துவிட்டார். கைப்பிடியைப் புதிதாக மாற்றிய வருடம் கொதிகலன் பரிசோதகர் வந்து, துணியின்மேல் கம்பி சுற்றி, ஈய முத்திரை குத்திவிட்டுப் போனாராம். அதைக் காட்டினார். கரியைத் துடைத்துப் பார்த்தேன். பேரரசரின் ஆட்சிக் கணக்கில் ஷோவா நாற்பத்தொன்பது என்றிருந்தது. எழுபத்துநான்காம் வருடம்.

"இது வேல செய்ற துணி," என்றார். "உங்க கண்ணாடிப் பொட்டிக்காக உலைய நிறுத்தினா நாலு மணிக்கு வர்றவங்க பச்சத்தண்ணியிலயா குளிப்பாங்க? சட்டைய நான் அங்க கொண்டாந்தேன், வெளக்கு கேவலப்படுத்திச்சு. இனி சட்டை எங்கயும் வராது. வேணும்னா வெளக்கு இங்க வரட்டும். அந்த உயெனோக்காரரும் வரட்டும். அன்னிக்கிப் பார்த்தவங்க எத்தன பேரு? அத்தன பேரும் வரட்டும்."

இரண்டு நாள் நான் வீடு வீடாக ஏறி இறங்கினேன். ஹச்சியாவை அழைப்பதுதான் பெரும்பாடு. போனில் விஷயத்தைச் சொன்னேன். கண்காட்சி முடிகிற ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் வருகிறேன் என்று மட்டும் சொன்னார். சொன்னபடி வியாழக்கிழமை மதியம் வந்தார். தேய்த்த கால்சட்டை, பளபளக்கும் தோல் ஷூ. பின்வாசல் உலையறையில் முப்பது பேருக்குமேல் நெருக்கியடித்து நின்றோம். கறிக்கடைக்காரரும் இருந்தார், அவரை நான்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

ஜன்னல்களில் சாக்குத் தொங்கவிட்டு இருட்டாக்கினோம். அத்தை கைப்பிடியில் தொங்கிய வால்நுனியை இரண்டு விரலால் பிரித்து, கரி படாத உள்பக்கத்தை விளக்குக்குக் காட்டினார். ஒளிரவே இல்லை. இருண்டு, செத்துக் கிடந்தது. பக்கத்தில் அவர் சட்டையும் என் சட்டையும் ஹச்சியாவின் காலரும் கறிக்கடைக்காரரின் ஏப்ரனும் மின்னின. விளக்கில் மின்னாதது அந்த அறையிலேயே அந்த ஒரு சாண் துணி மட்டும்தான்.

சாக்கை விலக்கினோம். அத்தை உலைக்கு முன்னால் குந்தி, சட்டையின் அடித்தையலைக் கைக்கத்தியால் ஒரு விரல் நீளம் பிரித்தார். உள்ளே மடிந்திருந்த வெட்டு ஓரத்தைத் திருப்பி, கைப்பிடித் துணியின் வெட்டு ஓரத்துக்குப் பக்கத்தில் பிடித்து, அங்கே இங்கே நகர்த்தினார். ஓரிடத்தில் சட்டையில் பாதியாக நின்ற புள்ளி துணியில் மீதியாகத் தொடங்கியது. அதற்கடுத்த புள்ளியும் சேர்ந்தது. கத்திரி ஓரிடத்தில் வழுக்கியிருந்தது. அந்தப் பிசிறும் பிசிறோடு சேர்ந்தது.

ஹச்சியா மண்டியிட்டார். தேய்த்த கால்சட்டை முழுக்கக் கரி. ஈய முத்திரையை வாசித்தார், துணியை வாசித்தார், மறுபடியும் முத்திரையை வாசித்தார். எழுபத்துநான்கில் இந்தத் துணியை நகலடிக்க உலகத்தில் யாரும் பிறக்கவில்லை என்று அவருக்குத் தெரியும். எழுந்து நின்று, இடுப்பு மடங்க அத்தைக்குக் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. "வெட்டினதுக்காக நகல்னு சொன்னேன். வெட்டினதே சாட்சி ஆயிருச்சு. முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன், இசோகாய்-சான். போட்டுக் கிழிக்காத துணி எனக்குத் தெரியும். போட்டு ஒழைச்ச துணி தெரியாமப் போச்சு."

"நிமிருங்க," என்றார் அத்தை. "உலை வாய்ல நிக்கறீங்க. காலர் பத்திக்கும்."

கறிக்கடைக்காரர் கூட்டத்திலிருந்து நழுவப் பார்த்தார். அத்தை விடவில்லை. இன்றைக்குத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று அவரிடமே கேட்டார். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, அசலாக இருக்கும் என்றார். கூட்டம் சிரித்தது. அன்று நான்கு மணிக்கு அவர்தான் முதலில் இறங்கினார். காலை நனைத்துப் பார்க்காமல் இறங்கி, கொஞ்சம் அலறினார் என்று கேள்வி. அத்தை அன்று ஒரு கட்டை அதிகமாகப் போட்டிருந்தார்.

ஹச்சியா சட்டையை விலைக்குக் கேட்டார். அவர் சொன்ன தொகையைக் கேட்டு எனக்கு வாயில் ஈ புகுந்தது. அத்தை பிரித்த தையலை அங்கேயே உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார். கடைசியில், "நாளைக்கி நான் எதப் போட்டுக்கிட்டு விறகு எடுக்கப் போறது?" என்றார். அது விலை பேசுகிற கேள்வி இல்லை என்று ஹச்சியாவுக்கே புரிந்தது. மறுபடியும் கண்ணாடிப் பெட்டிக்குச் சட்டையைத் தாருங்கள் என்று கேட்க எனக்கு வாயில்லை.

அதனால் பெட்டி காலியாகவே இருந்தது. அதற்குள் புது அட்டை ஒன்றை எழுதி வைத்தேன். எட்டு முறை எழுதிக் கிழித்து ஒன்பதாவது முறை எழுதியது: தவளைத்தோல், 1942, அசல். இசோகாய் தொமியே தற்போது அணிந்திருக்கிறார். பார்க்க விரும்புவோர் குளியல் வீட்டின் பின்வாசலுக்குச் செல்லவும். கண்காட்சியில் வேறு எந்தப் பெட்டிக்கும் அந்தக் காலிப் பெட்டிக்கு இருந்த கூட்டம் இல்லை. படித்தவர்கள் அப்படியே பின்வாசலுக்குப் போனார்கள். அத்தை யாரையும் சும்மா பார்க்க விடவில்லை. சட்டையைப் பார்க்க வேண்டுமா, லாரியிலிருந்து ஒரு சட்டம் இறக்கி வை என்றார். நாகோயாவிலிருந்து வந்த ஒரு சேகரிப்பாளர் புதுக் கோட்டோடு பதினொரு சட்டம் இறக்கிவிட்டுப் போனார். மீதி மூன்று நாளில் அத்தைக்கு ஒரு மாத விறகு வேலை முடிந்தது.

கடைசி நாள் ஞாயிறு சாயங்காலம், கதவைச் சாத்தப் போகும் நேரத்தில் அத்தை வந்தார். கழுத்தில் துண்டு, மேலே பச்சை, மணிக்கட்டில் இரண்டு மடிப்பு. காலிப் பெட்டிக்கு முன்னால் நின்று அட்டையை ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். அணிந்திருக்கிறார் என்ற சொல்லுக்கு வந்ததும் கொஞ்சம் நின்றார். கண் கலங்கியதா என்று நான் பார்க்கவில்லை, பார்க்கக்கூடாது. பிறகு பென்சில் கேட்டார். பெட்டியைத் திறந்து, அட்டையின் கடைசியில், கணக்காக இடம் விட்டு, ஒரு வரி சேர்த்தார்.

திங்கட்கிழமை பழுப்புப் பக்கம்.

பென்சிலை என் காதில் செருகிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் திங்கட்கிழமை. கண்காட்சி முடிந்துவிட்டது, குளியல் வீட்டுக்கும் விடுமுறை. ஆனாலும் காலை எட்டு மணிக்குப் பின்வாசலில் முப்பது பேர் நின்றோம். ஹச்சியாவும் உயெனோவிலிருந்து ரயிலேறி வந்திருந்தார். அத்தை மணல் நிறத்தில் வெளியே வந்தார், எங்களை ஒருமுறை பார்த்தார், டோஃபு வாங்கக் கிளம்பினார். நாங்கள் ஒதுங்கி வழிவிட்டோம்.